கடன் உண்டு, கொள்முதல் ஆணை இல்லை

(கேரள எல்லைப் பகுதித் தமிழ் ஊழியர்களுக்கான அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2020ஆம் ஆண்டு, கொரோனாப் பெருந்தொற்றின் நடுவே வந்த ஓணத்திற்குக் கேரள அரசு சுமார் 88 லட்சம் குடும்ப அட்டைகளுக்கு இலவசப் பொருள் தொகுப்பு வழங்கியது. அந்தத் தொகுப்பிலிருந்த 11 பொருள்களில் வெல்லமும் ஒன்று. எவர் வீட்டிலும் அடுப்பு அணையக் கூடாது என்ற இடது ஜனநாயக முன்னணி அரசின் உறுதியை நாடே கண்ட நாள்கள் அவை. ஆனால் அந்த வெல்லத்தில் ஒரு பகுதி தரமற்றது என்ற புகார் எழுந்து, சப்ளைகோ சில சரக்குத் தொகுதிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்ததும் அதே நாள்களில்தான். அதற்கு ஓராண்டு முன்னதாக, 2019இல், இடுக்கி மாவட்டத்து மறையூர் வெல்லம் புவிசார் குறியீடு பெற்றிருந்தது.

தரமான வெல்லம் மாநிலத்துக்குள்ளேயே, தமிழ் பேசும் அஞ்சுநாட்டு விவசாயிகளின் ஆலைக் கொட்டகைகளில் காய்ச்சப்படுகிறது. கொப்பரையில் சாறு சுண்டி, கையால் உருண்டை பிடிக்கப்பட்டு வருகிற சரக்கு அது. அப்படியிருக்க, மாநிலத்தின் மிகப் பெரிய வெல்லக் கொள்முதல் ஏன் அந்தக் கொட்டகையின் வாசலிலிருந்து தொடங்கவில்லை? யாரோ ஓர் அதிகாரியின் பகைமையை இதற்குக் காரணமாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது, அது விடையாகாது. லட்சக்கணக்கான கிலோவைக் குறித்த தேதிக்குள் தருவேன் என்று கையெழுத்திட ஒரு கொட்டகைக்காரரால் முடியாது. அதற்கான முன்வைப்புத் தொகையைக் கட்டவோ, முந்தைய ஆண்டுகளின் வணிக அளவுக்குக் கணக்குத் தணிக்கையாளரின் சான்று காட்டவோ அவருக்கு வழியில்லை. ஒப்பந்தப்புள்ளி என்பது யாரையும் பெயர் சொல்லி விலக்குவதில்லை. நிபந்தனைகளை எழுதும்போதே விலக்கல் நடந்து முடிந்துவிடுகிறது.

எல்லைப் பகுதியில் சிறுபான்மையினர் என்று யாரைச் சொல்கிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி ஒரே ஆட்சியின் கீழ் இருந்ததில்லை. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. சித்தூர் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. பாலக்காடும் அட்டப்பாடியும் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தன. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கொழிஞ்சாம்பாறை, வடகரைப்பதி, எருத்தேம்பதி ஊராட்சிகளின் தமிழர்களும் மூணாறு, வண்டிப்பெரியாறு தோட்டங்களின் தமிழர்களும் மொழிச் சிறுபான்மையினர் ஆயினர். அவர்களுக்குள் ராவுத்தர்கள் இருக்கிறார்கள். தலித் கிறித்தவர்கள் இருக்கிறார்கள். பறையர், பள்ளர், அருந்ததியர் குடும்பங்கள் இருக்கின்றன. அருகிலேயே முதுவர்களும் இருளர்களும் முடுகர்களும் குறும்பர்களும் வாழ்கின்றனர். மொழி, மதம், சாதி என்று ஒரே ஆளின் மீது இரண்டு மூன்று சுமைகள் ஏறி நிற்கும் நிலம் இது.

இவர்களுக்கு அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. தேசிய சிறுபான்மையினர் வளர்ச்சி மற்றும் நிதிக் கழகம் 1994 முதல் இயங்குகிறது. தாழ்த்தப்பட்ட சாதிகளிலிருந்து கிறித்தவத்துக்கு மாறியோருக்கெனக் கேரளத்தில் 1980இலேயே தனிக் கழகம் அமைக்கப்பட்டது. பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கென 2016இல் ஒன்றிய அரசு ஒரு தேசிய மையத்தைத் தொடங்கியது. இவை பெரும்பாலும் கடன் தருகின்றன, பயிற்சி தருகின்றன. தையல் எந்திரம் வாங்கக் கடன் கொடுக்கிற அரசு, தன் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் வேண்டிய துணியைத் தைக்க யாரிடம் கொடுக்கிறது? அந்த இடத்தில் பேச்சு நின்றுவிடுகிறது. சந்தையின் மிகப் பெரிய வாங்குநர் அரசுதான். அது கடனைத் தந்துவிட்டு ஆணையைத் தராமல் போனால், சிறு உற்பத்தியாளரின் கையில் மிஞ்சுவது தவணைச் சீட்டு மட்டுமே.

எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் பள்ளிச் சீருடை தைக்கும் பணி மகளிர் தொழிற் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வழங்கப்படுகிறது. 1983இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டமும் நெசவாளர் கூட்டுறவுகளுக்கு ஆணை தருகிற திட்டமாகவே நிலைத்தது. அந்தத் திட்டங்களின் குறைகள் வேறு விஷயம். ஆணை யாரிடம் போக வேண்டும் என்று அரசு முடிவு செய்ய முடியும் என்பதற்கு அவை சான்று.

இனி, சட்டம் என்ன தருகிறது என்று பார்ப்போம். குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவன வளர்ச்சிச் சட்டம் 2006இல் வந்தது. அதன் கீழ் 2012இல் பொதுக் கொள்முதல் கொள்கை ஆணை பிறப்பிக்கப்பட்டது. ஒன்றிய அரசின் அமைச்சகங்களும் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் 20 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்றது அது; 2018 திருத்தத்துக்குப் பின் அது 25 சதவீதம். அதற்குள் 4 சதவீதம் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு. 3 சதவீதம் பெண்கள் நடத்துபவற்றுக்கு. 358 பொருள்களைக் குறு, சிறு நிறுவனங்களிடம் மட்டுமே வாங்க வேண்டும். பிரம்புக் கூடை, துடைப்பம், துணிப்பை, வாளி என்று சிற்றூர்க் கைகள் செய்யக்கூடியவை பல அந்தப் பட்டியலில் உண்டு. ஒப்பந்தப்புள்ளிப் படிவத்துக்குக் கட்டணமில்லை. முன்வைப்புத் தொகையும் இல்லை. பெரிய நிறுவனம் குறித்த மிகக் குறைந்த விலையைவிடச் சிறு நிறுவனத்தின் விலை 15 சதவீதம் வரை கூடியிருந்தாலும், அந்தக் குறைந்த விலைக்கு இறங்கிவரச் சம்மதித்தால் ஆணையில் ஒரு பங்கைப் பெறலாம்.

பாலக்காட்டுத் தோழர்கள் இதைத் தொலைவில் உள்ள செய்தியாகக் கருத வேண்டாம். பாலக்காடு ரயில்வே கோட்டமும், கஞ்சிக்கோட்டில் உள்ள பெமல், ஐடிஐ ஆகிய ஒன்றியப் பொதுத்துறை ஆலைகளும் இந்த ஆணைக்குக் கட்டுப்பட்டவை. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம்தான். அந்த அலுவலகங்கள் கடந்த ஆண்டு எவ்வளவு வாங்கின, அதில் 4 சதவீதம் யாரிடம் போயிற்று என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்பதற்குக் கட்டணம் 10 ரூபாய். நாடு முழுமைக்கும் அந்த 4 சதவீத இலக்கு தொடர்ந்து எட்டப்படாமலே இருந்துவருகிறது.

ஆணையின் ஓட்டைகளையும் அறிந்துகொள்ள வேண்டும். அது மாநில அரசுகளையும் ஊராட்சிகளையும் கட்டுப்படுத்தாது. சாலை, கட்டடம் போன்ற கட்டுமான ஒப்பந்தங்கள் அதற்குள் வாரா. வாங்கி விற்கும் வணிகருக்கும் அது பொருந்தாது. மதச் சிறுபான்மையினருக்கோ மொழிச் சிறுபான்மையினருக்கோ அதில் ஒரு சதவீதம்கூட இல்லை. கர்நாடகம் 2025இல் ஒப்பந்தங்களில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலின் 2பி பிரிவில் உள்ள முஸ்லிம்களுக்கு 4 சதவீதம் ஒதுக்கும் மசோதாவை நிறைவேற்றியது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பிற பிற்பட்ட பிரிவினருக்கும் ஏற்கெனவே இருந்த ஒதுக்கீட்டின் தொடர்ச்சியே அது. பாஜக அதை மத ஒதுக்கீடு என்று கூக்குரலிட்டது. ஆளுநர் மசோதாவைக் குடியரசுத் தலைவரின் பார்வைக்கு அனுப்பிவைத்தார். கோடிகளில் ஒப்பந்தம் எடுக்கும் பெருமுதலாளியின் மதத்தை எவரும் கேட்பதில்லை. ஊராட்சிச் சாக்கடை கட்டுகிறவரின் மதம் மட்டும் தேசியப் பிரச்சனையாகிவிடுகிறது.

இங்கே நியாயமான ஒரு கேள்வியைத் தோழர்கள் எழுப்பக்கூடும். சிறு முதலாளிக்கு ஒப்பந்தம் வாங்கித் தருவதா தொழிலாளி வர்க்கக் கட்சியின் வேலை? தலித் முதலாளி, முஸ்லிம் முதலாளி என்று சிலரை மேலே தூக்கிவிட்டால் சுரண்டல் ஒழிந்துவிடுமா? ஒழியாது. 2002 ஜனவரியில் போபால் பிரகடனத்தைத் தொடர்ந்து மத்தியப் பிரதேச அரசு தன் கொள்முதலில் 30 சதவீதத்தைத் தலித், பழங்குடியினரிடம் வாங்குவதாக அறிவித்தபோது இதே விவாதம் எழுந்தது. மலேசியாவின் படிப்பினையும் இருக்கிறது. 1971இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை அரசு ஒப்பந்தங்களில் பூமிபுத்திரர்களுக்கு முன்னுரிமை தந்தது. உரிமம் அலியின் பெயரில், முதலும் லாபமும் பாபாவின் கையில் என்ற ‘அலி-பாபா’ ஏற்பாடு என்று அங்குள்ள மக்களே அதற்குப் பெயர் வைத்தார்கள். (தோட்டத்தில் வதங்கிய மலேசியத் தமிழன் அந்தச் சலுகைக்கு வெளியே நின்றான்.) தனி ஆளின் பெயருக்குத் தரப்படும் சலுகையைப் பினாமி விழுங்கிவிடுவது அங்கு மட்டும் நடந்ததன்று. கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது, ஒப்பந்தக்காரரை ஒதுக்கிவிட்டுப் பயனாளிகள் குழுக்களே பணியைச் செய்யலாம் என்ற வழி திறக்கப்பட்டது. அரிய முயற்சி அது. பல இடங்களில் குழுவின் பெயரில் கையெழுத்து, பின்னால் பழைய ஒப்பந்தக்காரர் என்று முடிந்ததை அந்த இயக்கத்தின் தலைவர்களே எழுதியுள்ளனர்.

அப்படியானால் வழி எங்கே? மலபாரிலேயே இருக்கிறது. 1917இல் வாக்படானந்தர் ஆத்மவித்யா சங்கத்தைத் தொடங்கினார். சாதிக் கொடுமையையும் மூடப் பழக்கங்களையும் எதிர்த்த அவருடைய சீடர்களுக்கு, வடகரையை அடுத்த ஊராளுங்கல் பகுதியின் நிலவுடைமையாளர்கள் வேலை தர மறுத்தார்கள். சாதியில் பிற்பட்டோர், கருத்தில் சிறுபான்மையினர், கையில் முதல் இல்லாதவர்கள் அவர்கள். 1925 பிப்ரவரியில் 14 பேர் சேர்ந்து, ஆறணா முதலில், கூலி வேலைக்காரர்களின் பரஸ்பர உதவிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்தார்கள். தனியொருவராகப் போனால் கூலி. சங்கமாகப் போனால் ஒப்பந்தம். நூறாண்டைக் கடந்துவிட்ட அந்தச் சங்கம்தான் இன்று கேரளத்தின் நெடுஞ்சாலைகளையும் பாலங்களையும் கட்டுகிற ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம். வேலை செய்கிறவர்களே அதன் உரிமையாளர்கள். கூட்டுறவு குறித்து 1923இல் லெனின் எழுதியதைப் படித்துவிட்டு அவர்கள் தொடங்கவில்லை. பசி கற்றுக்கொடுத்தது.

பெண்களின் அனுபவமும் இதையே சொல்கிறது. அங்கன்வாடி உணவு விநியோகத்தில் ஒப்பந்தக்காரர்களைப் பயன்படுத்தக் கூடாது, கிராமச் சமூகங்களையும் சுய உதவிக் குழுக்களையும் மகளிர் மன்றங்களையும் பயன்படுத்த வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2004 அக்டோபர் 7 அன்று உணவு உரிமை வழக்கில் உத்தரவிட்டது. பல மாநிலங்களில் அந்த உத்தரவைச் சுற்றி வளைத்துப் பெரிய ஆலைகள் உள்ளே நுழைந்தன. கேரளத்தில் குடும்பஸ்ரீ அலகுகள் ‘அமிர்தம் நியூட்ரிமிக்ஸ்’ சத்துமாவைத் தயாரித்து அங்கன்வாடிகளுக்குத் தருகின்றன. ஒதுக்கீடு என்ற சொல்லே இல்லாமல், வாங்கும் முறையை மாற்றியதால் கிடைத்த வேலை அது. அட்டப்பாடியில் 2013இல் நிகழ்ந்த குழந்தை மரணங்களுக்குப் பின் பழங்குடி ஊர்களில் சமூகச் சமையற்கூடங்கள் தொடங்கப்பட்டன. அட்டப்பாடித் துவரைக்கும் ஆட்டுக்கொம்பு அவரைக்கும் 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தச் சமையற்கூடத்தின் பானைக்கும் அந்த ஊரின் துவரங்காட்டுக்கும் நடுவே ஒரு கொள்முதல் ஆணை இருக்க வேண்டும் என்பது பெரிய புரட்சிகரக் கோரிக்கை அல்ல. ஆனாலும் அதை எழுப்ப ஒருவர் வேண்டும்.

கூட்டுறவு அமைத்துவிட்டால் மட்டும் போதாது. எல்லையில் அடைபட்டுக் கிடக்கும் கதவுகள் வேறு சில உண்டு. அவற்றில் கனமானது சாதிச் சான்றிதழ். 1950 ஆகஸ்ட் 10ஆம் நாளின் குடியரசுத் தலைவர் ஆணையே பட்டியல் சாதித் தகுதிக்கு அளவுகோல். அந்த நாளில் முன்னோர் எந்த மாநிலத்தில் குடியிருந்தார்களோ அங்கேதான் தகுதி. இடம்பெயர்ந்தவர் புதிய மாநிலத்தின் சலுகையைக் கோர முடியாது என்று 1990இல் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. கங்காணி அழைத்துவந்து லயத்தில் குடிவைத்த தொழிலாளியின் பேரன், தன் தாத்தா 1950க்கு முன்பே மலையேறியவர் என்பதற்கு என்ன ஆவணம் காட்டுவான்? பட்டா இல்லை, வீடு கம்பெனிக்குச் சொந்தம். செக்ரோலும் தோட்டப் பதிவேடும்தான் சாட்சி; அவையும் நிர்வாகத்தின் அலமாரியில்.

அ. ராஜாவின் தேவிகுளம் தேர்தல் வழக்கைத் தோழர்கள் அறிவீர்கள். 2021இல் தனித் தொகுதியில் வென்ற அவருடைய தேர்தலை 2023 மார்ச்சில் கேரள உயர்நீதிமன்றம் ரத்துசெய்தது. கேரளத்துக்குள் பட்டியல் சாதியினராக அவரைக் கருத முடியாது என்பது வாதம். மதமும் குடியேற்றமும் இரண்டுமே கேள்விக்குள்ளாயின. 2025 மே மாதத்தில்தான் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கி, அவருடைய தேர்தல் செல்லும் என்றது. சட்டமன்ற உறுப்பினருக்கே இத்தனை ஆண்டுகள் ஆயின என்றால், 4 சதவீத ஒதுக்கீட்டில் துடைப்பம் விற்க விரும்பும் ஒரு தொழிலாளிப் பெண்ணுக்கு எத்தனை ஆண்டுகள் ஆகும்? அவள் தேவாலயத்துக்குப் போகிறவள் என்றால் அந்தக் கதவே கிடையாது. 1950 ஆணை தலித் கிறித்தவரை ஏற்பதில்லை. சாதி மட்டும் அவளை விட்டுப் போவதில்லை.

அடுத்தது மொழி. தமிழில் ஒப்பந்தப்புள்ளி என்று எழுதுகிறோம். கேரள அலுவலகங்களில் பழகிய சொல் ‘தர்காஸ்’. பாரசீகத்திலிருந்து வந்த அந்தச் சொல் தமிழ்நாட்டில் தரகாஸ்து நிலம் என்ற வழக்கில் புறம்போக்குக்கு மனுப் போடுவதைக் குறித்தது. ஆகவே கொழிஞ்சாம்பாறைப் பெரியவர் ஒருவர் ஊராட்சிப் பலகையில் தர்காஸ் அறிவிப்பைக் கண்டு, நிலம் கொடுக்கிறார்கள் என்று எண்ணினால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஒப்பந்தக்காரர் அங்கே கரார்காரர். தமிழிலோ ‘கறார்’ என்றால் விட்டுக்கொடுக்காத கண்டிப்பு. (மலையாளமும் தமிழும் அக்காள் தங்கை என்பதால் இந்தச் சிக்கல் குறைவதில்லை, பாதி புரிவது, ஒன்றும் புரியாததைவிட ஆபத்தானது.) முழு ஆவணமோ ஆங்கிலத்தில். அபராத விதியும் காலக்கெடு விதியும் எந்தப் பக்கத்தில் உள்ளன என்று அறியாமல் போடப்படும் கையெழுத்து, சங்கத்தையே கடனில் மூழ்கடிக்கும்.

கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு கடிதப் போக்குவரத்து நடத்தவும், அதே மொழியில் பதில் பெறவும் வழிசெய்தது. அரசமைப்பின் 350ஆம் பிரிவு, குறைதீர்க்கும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் அளிக்க உரிமை தருகிறது. மனுவுக்கு மொழி உரிமை உண்டு, வணிகத்துக்கு இல்லை. மொழிச் சிறுபான்மை ஊராட்சிகளில் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பும் நிபந்தனைச் சுருக்கமும் தமிழிலும் வெளியிடப்பட வேண்டும் என்று ஊராட்சி மன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றுவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படாது.

கடைசியாக, பணம். பொருளை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் தொகையைத் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி வீதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி என்று 2006 சட்டம் சொல்கிறது. அதை வசூலிக்க வசதி மன்றங்கள் உண்டு. ஆனால் அடுத்த ஆணையும் அதே அலுவலகத்திலிருந்துதான் வர வேண்டும் என்பதால், சிறு நிறுவனங்கள் வழக்குக்குப் போகத் தயங்குகின்றன. கேரளத்தில் பள்ளிச் சீருடைக்குக் கைத்தறித் துணி வாங்கும் திட்டம் நெசவாளருக்குப் புத்துயிர் தந்தது. அவர்களுடைய கூலி மாதக்கணக்கில் நிலுவையில் நின்றதையும் மறைக்க வேண்டியதில்லை. ஒன்றிய அரசு கடன் வரம்பை நெரிப்பதால் கருவூலம் தள்ளாடுகிறது என்பது மெய். அதற்காகவே கேரளம் 131ஆம் பிரிவின் கீழ் உச்சநீதிமன்றம் சென்றது. 2024 ஏப்ரலில் அவ்வழக்கு அரசமைப்பு அமர்வுக்கு அனுப்பப்பட்டது. ஆனால் பற்றாக்குறை வரும்போது யாருடைய பட்டியல் முதலில் நிறுத்தப்படுகிறது என்பது மாநிலத்துக்குள் எடுக்கப்படும் முடிவு. பெரிய ஒப்பந்தக்காரர் வங்கியில் பட்டியலைத் தள்ளுபடிக்கு வைத்துப் பணம் பெற்றுவிடுவார். ஐந்து பெண்கள் சேர்ந்த தையல் குழுவுக்கு அந்த மாத அரிசி நின்றுவிடும். சிறு கூட்டுறவுகளின் பட்டியலுக்குக் கருவூலத்தில் முன்னுரிமை வரிசை வேண்டும் என்று மாநில அரசிடம் இடதுசாரி ஊழியர்கள் கேட்பதில் கூச்சத்துக்கு இடமில்லை.

மறையூருக்குத் திரும்பலாம். மழைமறைவுப் பகுதி என்பதால் பெரும்பாலும் ஆண்டு முழுவதும் அங்கே ஆலை ஓடுகிறது. கொட்டகைகள் தனித்தனியே நின்றால் இடைத்தரகரின் விலைக்கே வெல்லம் போகும். ஒரே சங்கமாகக் கணக்கும் சேமிப்புக் கிடங்கும் தரச் சோதனையும் வைத்துக்கொண்டால் அதற்கு வாங்குநரிடம் பேசும் தகுதி வரும். மாநிலம் முழுமைக்கும் ஒரே ஒப்பந்தப்புள்ளி என்பதை மாற்றி, இடுக்கி மாவட்ட அட்டைகளுக்கு வேண்டிய வெல்லத்தைத் தனித் தொகுதியாக அறிவிக்கச் சொல்வது முதல் கோரிக்கை. அறிவிப்பு ஓணத்துக்குச் சில வாரங்கள் முன்னதாக வந்தால் இருப்பு வைத்திருக்கும் வணிகரே வெல்வார். கரும்பு வெட்டிக் காய்ச்சி உருண்டை பிடிக்க அவகாசம் தந்து, ஆண்டின் தொடக்கத்திலேயே அது வர வேண்டும். மறையூர், காந்தல்லூர் கிளைகள் கொட்டகைகளின் பட்டியலை இந்த மாதத்துக்குள் எடுத்து முடிக்கட்டும்.